தொண்ணூற்றொன்பதரை நிமிடம்

மார்ச் 4 – 7 நிமிடம்
மார்ச் 5 – 12
மார்ச் 6 – 4
மார்ச் 7 – 19
மார்ச் 8 – 9
மார்ச் 9 – 15
மார்ச் 10 – 11
மார்ச் 11 – 22
கூட்டுத்தொகை – 99
மார்ச் 12 –

இது கண்டக்டர் தாமதமாக வந்த கணக்கு. எழுதியவர் டைம் கீப்பர். பேருந்துப் பணிமனை வாசலில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத கண்ணாடிக் கூண்டில், முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதும், நேரம் வந்ததும் வலது கையைத் தூக்கி அசைப்பதும்தான் வேலை. அவர் கை தூக்கினால் கண்டக்டர் விசில் அடிப்பார், வண்டி கிளம்பும். பின்னால் யார் ஓடி வந்தாலும் தூக்கிய கை இறங்காது. "பெத்த அப்பனே ஓடி வந்தாலும் அடுத்த வண்டிதான்" என்று பணிமனையில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று பேர் சேர்ந்து கடல் தாண்டி வெளிநாடு பார்க்கப் போனார்கள்: டைம் கீப்பர், கண்டக்டர், மெக்கானிக். யோசனை கண்டக்டருடையது. டைம் கீப்பரின் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. "வீட்டுல உட்கார்ந்து கடிகாரத்துக்குச் சாவி குடுத்துட்டே இருக்கப் போறியா? கிளம்புடா" என்று கையைப் பிடித்து இழுத்ததும் கண்டக்டர்தான்.

போன இடத்தில் ஒன்பது நாளும் கண்டக்டர் ஆனை அசைந்து வருவது போல்தான் வந்தார். கடைக்காரரோடு பேச்சு, காவலாளியோடு பேச்சு. பாஷை தெரியாவிட்டால் கையால் பேச்சு. டைம் கீப்பர் தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ. ஊருக்குப் போனதும் மெமோ குடு" என்று கண்டக்டர் சிரிப்பார்.

அவர் நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார் என்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

மார்ச் 12, திரும்பும் நாள். துறைமுகத்துக்குப் பேருந்து, பதினொரு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான். வழியில் ஒரு சாப்பாட்டுக் கொட்டகையில் வண்டி பத்து நிமிடம் நின்றது: எட்டு முப்பதிலிருந்து எட்டு நாற்பது வரை. மெக்கானிக் கடைசி இருக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டைம் கீப்பர் கதவை ஒட்டிய முதல் இருக்கையில்.

எட்டு நாற்பதுக்கு அந்த ஊர் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். கதவைக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்கிறார்; அதற்கு மொழி வேண்டியதில்லை.

டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். நாற்பது அடி தூரத்தில் கண்டக்டர் வந்துகொண்டிருந்தார். தோளில் அவருடைய பழைய தோல்பை. கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி, சீப்பு விற்கும் ஒருவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், கையைத் தூக்கினார்.

டைம் கீப்பரின் வலது கையும் உயர்ந்தது. அசைந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஆறு கிலோமீட்டர் போன பிறகு மெக்கானிக் விழித்தார்.

"கண்டக்டர் எங்கப்பா?"

"பின்னாடி இருப்பான்னு நினைச்சேன்."

"பின்னாடி நான்ல இருக்கேன்! யோவ், வண்டிய நிறுத்துய்யா!"

ஓட்டுநர் நிறுத்தினார், திருப்ப மறுத்தார். முப்பது பேர் கப்பலுக்குப் போக வேண்டும். மெக்கானிக் இறங்கினார். டைம் கீப்பரும் எழுந்தார்.

"நீ எங்க வர்ற? மூணு பேர் சாமானும் வண்டியில இருக்கு. என் பாஸ்போர்ட்டு சட்டைப்பையில இருக்கு, அவனுது அவன் தோள்பையிலயே இருக்கு, அது போதும். நீ டைமுக்குப் போய்ச் சேரு. உனக்கு அதான முக்கியம்?"

கதவு இரண்டாவது முறை மூடியது. மெக்கானிக் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே நடப்பதை, வளைவு மறைக்கும் வரை டைம் கீப்பர் பார்த்தார்.

துறைமுகத்தில் மூன்று பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்றை இருபது அடி கொண்டுபோய் வைப்பார். திரும்பி வந்து அடுத்ததை எடுப்பார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி மூன்று சீட்டுகளையும் வாங்கிப் பார்த்து, மூன்று விரலை நீட்டினார். டைம் கீப்பர் ஒரு விரலை நீட்டினார்.

கப்பலில் இருக்கை எண்கள் 41, 42, 43. நடுவில் உட்கார்ந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "இங்க ஆள் இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டாள். "வராங்கம்மா" என்றார். கப்பல் கரையை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய்விட்டாள்.

நோட்டை எடுத்து 'மார்ச் 12' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பிற்பகல் முழுவதும் அலை ஏறியது, இறங்கியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. போகும்போது இதே கடலில், கண்டக்டர்தான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு இருபதுக்குக் கரை. கண்டக்டரின் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வாங்கண்ணே. அவரு எங்க? வழக்கம்போல கடைசியா ஆடி அசைஞ்சு வராரா?"

"இல்ல தங்கச்சி. வண்டிய விட்டுட்டான். மெக்கானிக் கூட இருக்கான். அடுத்த கப்பல்ல வந்துருவாங்க."

"நீங்க இருந்துமா விட்டாரு?"

"நான்... பார்க்கல."

அந்த அம்மாள் கணவரின் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். "நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

14ஆம் தேதி துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றார். கண்டக்டர் அன்றைக்கு முதல் ஆளாக இறங்கி வந்தார். இரண்டு நாள் தாடி. நேராக இவர் முன்னால் வந்து நின்றார்.

"நீ பார்க்கலையாடா?"

"பார்க்கல."

கண்டக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "சரி, விடு" என்றார். மனைவியோடு போய்விட்டார்.

பணிமனைக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு. தினமும் மாலை ஐந்து பத்துக்கு மூவரும் அதில் உட்காருவது வழக்கம். 15ஆம் தேதி டைம் கீப்பர் ஐந்து ஐந்துக்கே போய்விட்டார். கண்டக்டர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மெக்கானிக் மட்டும் சில நாள் வந்தார். "அவன் உன் பேச்சே எடுக்க மாட்டேங்கறான்பா. திட்டினாக்கூடப் பரவால்ல" என்றார். பிறகு முழங்கால் வலி என்று அவரும் நின்றுவிட்டார். மே மாதம் கண்டக்டர் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனார். அதை டைம் கீப்பர் தெரிந்துகொண்டது தபால்காரர் சொல்லித்தான்.

ஜூன் 8, ஜூலை 30: இரண்டு கடிதங்கள் எழுதினார். உடம்பு எப்படி, மழை உண்டா என்று. பதில் இல்லை. வீட்டில் அவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்க ஆரம்பித்தது. பால்காரரிடம் பேசும் இரண்டு வார்த்தைதான் ஒரு நாளுக்கு.

செப்டம்பர் 26, மூன்றாவது கடிதம்:

'அன்றைக்கு எட்டு நாற்பதுக்கு நீ வருவதைப் பார்த்தேன். நாற்பது அடி. அரை நிமிடத்தில் ஏறியிருப்பாய். ஒன்பது நாள் எரிச்சலும் கைக்கு வந்துவிட்டது. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம்; பொய். பார்த்துத்தான் அசைத்தேன்.'

கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து நோட்டைத் திறந்தார். மார்ச் 12க்கு எதிரே அரை என்று எழுதினார். கூட்டுத்தொகையைத் திருத்தினார்: 99½.

பதில் வந்தது. கண்டக்டரின் கோணல் எழுத்து, ஒரு பக்கம்:

'நீ பார்த்தேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. முப்பது வருஷம் அந்தக் கையைப் பார்த்துத்தானே விசில் அடிச்சேன்? அது எதுக்கு உசரும்னு எனக்குத் தெரியாதா? வண்டி போனது பெரிசில்ல. அந்தக் கொட்டகையில நானும் மெக்கானிக்கும் நல்லாத்தான் பொழுது போக்கினோம். துறைமுகத்துல கேட்டேன் பாரு, அப்பச் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். ஆறு மாசம் பன்னிரண்டு நாள் லேட்டு. கணக்குப் போட்டுப் பாரு. அடுத்த வண்டி இல்ல. இனி எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கோ.'

டைம் கீப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மார்ச் 14இலிருந்து செப்டம்பர் 26. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாலை ஐந்து பத்துக்குப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிரே கூண்டில் புதிய டைம் கீப்பர் கையைத் தூக்கினான். ஒரு வண்டி கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பியதும் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திறந்து ஒரே வரி எழுதினார்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: அக்டோபர் 9.