சுவாமிக்கு இன்னும் ஆகலை

சென்ற புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருத்தணி மலைமேல் கோயில் மடப்பள்ளியில், என் கழுத்தில் ஒரு குளவி கொட்டியது. மருத்துவர் சொன்னபடி பார்த்தால், அன்று கொஞ்ச நேரம் நான் செத்திருந்தேன். தினமும் நடந்ததை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் எனக்கே உறுத்தும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது தலைமுறைகளாக முருகனுக்குச் சமைக்கிற குடும்பம். அன்று உச்சிக்கால பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல். நெய் விட்டுக் கிளறி இறக்கி, தவலையின் வாயைத் துணியால் மூடிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியபோதுதான் கொட்டியது. குளவிதானே என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டேன். உள்ளங்கை அரித்தது. உதடு தடித்தது. பிறகு தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. உடன் வேலை செய்யும் மைத்துனன் ரமணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் எழவில்லை. விழுந்தது எனக்குத் தெரியாது.

மலைக்கும் ஊருக்கும் ஆட்டோ ஓட்டும் சேகர்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரமணி போன் செய்து, என் மனைவி உமா வாசலிலேயே காத்திருந்தாள். அவளுக்கே என்னை அடையாளம் தெரியவில்லையாம், முகம் அப்படி வீங்கியிருந்தது. உள்ளே கொண்டுபோனதும் நாடி நின்றுவிட்டது. நர்ஸம்மா ஒருவர் வெளியே ஓடி வந்து, "சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதன் பொருள் உமாவுக்குப் புரிந்தது.

அவளுக்கு சுலோகங்கள் நிறையத் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை. மலை தெரிகிற ஜன்னலருகே போய் நின்று சத்தமாகவே கேட்டிருக்கிறாள்:

"முருகா, அவர் கார்த்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. நீ சாப்பிடாம அவர் சாப்பிட மாட்டார்னு உனக்கே தெரியும். அவரைப் பட்டினியா அழைச்சுண்டு போகாதே. சொல்லிட்டேன்."

இதையே திரும்பத் திரும்ப.

"அம்மா அழுவல ஐயரே," என்றார் சேகர், பின்னொரு நாள். "முருகன மெரட்டிகினு இருந்தாங்க. எனக்கே பயமாயிடுச்சி."

இனி நான் கண்டது.

வலி இல்லை. இருட்டுப் பாதை, அதன் முடிவில் வெளிச்சம் என்று பிறர் சொல்வது எதையும் நான் பார்க்கவில்லை. நீண்ட கூடம். குளிர்ந்த கல்தரை. வரிசையாக இலை போட்டிருந்தது. ஓர் இலைக்கு முன்னால் நான். அப்படி ஒரு பசியை இந்த உடம்பு அறிந்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் இலையில் ஆவி பறக்கப் பொங்கல் விழுந்தது. பரிமாறியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாதங்கள் மட்டும் தெரிந்தன. கை இலைக்குப் போயிற்று. ஆனால் பழக்கம் விடவில்லை. கேட்டேன்:

"சுவாமிக்கு ஆச்சா?"

நகர்ந்த பாதங்கள் நின்றன.

"இன்னும் ஆகலை."

மூடி வைத்துவிட்டு வந்தேனே, இந்நேரம் நைவேத்தியம் முடிந்திருக்குமே என்று தோன்றியது. அந்தக் குரலோடு வாதாட முடியாது. "அப்போ நான் எப்படிச் சாப்பிடறது?" என்றேன்.

"அப்போ எழுந்திரு."

கையை ஊன்றினேன். நெஞ்சில் எலும்பு நொறுங்குகிற வலி. யாரோ என் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை உமாவிடம் சொன்னேன். "இலை போட்டுக் கூப்பிட்டும் சாப்பிடாம வந்த மனுஷர் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகுதான், தான் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதைச் சொன்னாள்.

மாலையில் ரமணி வந்தான். "நேத்து நைவேத்தியம் நேரத்துக்கு நடந்துதோ?" என்று கேட்டேன்.

"எங்கேர்ந்து, அத்திம்பேர்! விழும்போது தவலையையும் சேர்த்து இழுத்துண்டு விழுந்தேள். பொங்கல் பூரா தரையில. மறுபடி குளிச்சுட்டு வந்து உலை வெச்சேன். உங்களுக்கு மூச்சு வந்துடுத்துன்னு சேகர் போன் பண்றச்சே அரிசி பாதிகூட வேகலை."

உமா என்னைப் பார்த்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்கே தெரியாததை எனக்குச் சொன்னது யார்?

மருத்துவர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். "பாத்திரம் உருண்ட சத்தம் காதுல பட்டிருக்கும்ங்க. மூளை அதை வெச்சு ஒரு கனவு கட்டியிருக்கும்" என்றார். இருக்கலாம். அவர் போட்ட ஊசியும் என் மார்பை அழுத்திய கைகளும் இல்லாவிட்டால் இன்று நான் இல்லை. அந்தக் கைகளைத் தினமும் கும்பிடுகிறேன். அந்தக் கைகளில் வந்தது யார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. சன்னதிக்குள் போகும் சோறு ஒரு பருக்கை குறையாமல் திரும்பி வருவதை இத்தனை வருஷமாகப் பார்த்தவன் நான். யார் சாப்பிடுகிறார் என்று மனசுக்குள் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை. தவலையைத் தூக்கும்போது, ஒருவர் பசியோடு காத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. வேகமாக நடக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது சாத்திய கதவுக்குப் பின்னால் கிடக்கலாம். பெரிய மந்திரம் தேடாதீர்கள். வாயில் வருவதை, உங்களுக்கு வருகிற பாஷையில் கேளுங்கள். அதட்டலாகவே வந்தாலும் பரவாயில்லை. கேட்கிற காது இருக்கிறது.

செத்த பிறகு என்ன என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒரு பந்தி மட்டும்தான். முன்பு சாவு என்றால் பயம் உண்டு. இப்போது இல்லை. ஒருநாள் நான் கேட்கும்போது, "ஆயிடுத்து, சாப்பிடு" என்று அந்தக் குரல் சொல்லும். அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுவேன்.