முகத்துவாரம் வெட்டிய கிழமை

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி மூன்று வருடமாக எங்கள் நெல் அறைக்குள், உரப்பைகளால் சுற்றிக் கட்டியபடி, மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. நாலு பேர் பிடித்து வெளியே எடுத்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை எலியையே வைச்சு வளக்கப் பாருங்கோ. அதுக்குக் கரண்ட் தேவையில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் பிழை இல்லை. கத்தாரில் ஒரு பணக்கார வீட்டில் எட்டு வருடம் எனக்கு வேலையே உப்புத் தண்ணீர் மீன்தொட்டியைப் பராமரிப்பதுதான். முள்ளியவளைக்குத் திரும்பி வந்தபோது மற்றவர்களைப் போல நகையும் டிவியும் கொண்டுவராமல், பம்பும் விளக்கும் கொண்டுவந்தேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு முருகைக்கற்களை அடுக்கி, எங்கள் விறாந்தையில் ஒரு துண்டுக் கடலை வைத்திருந்தேன். பிறகு டீசலும் இல்லை, கரண்டும் இல்லை என்ற காலம் வந்தது. பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று இல்லை. நாலாம் நாள் மீன்கள் செத்து வீடே நாறியது. ஒரு கடற்சாமந்தியும் அதன் கைகளுக்குள் குடியிருந்த இரண்டு கோமாளி மீன்களும்தான் மிச்சம்.

அவற்றைக் காப்பாற்றியவன் என் கூட்டாளி. முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி போட்டிருப்பவன், வேதக்காரன், மாதா கோயில் ஆள். கடலுக்கும் போவான், மாரியில் களப்பில் இறாலுக்கும் வலை போடுவான். வாளியோடு அவனிடம் போய், "இதுகளைச் சாக விடாதை மச்சான்" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவன் வாடிக்குப் பின்னால் சீமெந்தில் ஒரு தொட்டி கட்டினான். நிழலுக்குக் கிடுகு வேய்ந்தான். என் கற்களையும் வாங்கி அதற்குள் போட்டான். நாள் தவறாமல் கடலில் அள்ளித் தண்ணீர் மாற்றினான். மூன்று வருடம் அப்படிச் செய்தவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கடைசியில் கூரையில் சூரியத் தகடு பூட்டினேன். பம்பை வினாகிரியில் ஊறப்போட்டு உப்புக் காறையைச் சுரண்டினேன். கண்ணாடி மூலைகளில் பழைய சிலிக்கனை வெட்டி எடுத்து, புதிதாகப் பூசிக் காயவிட்டேன். எல்லாம் தயார். அந்த மூன்று உயிரும் என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாரி மழை பிடித்தது.

நந்திக்கடல் களப்பு நிரம்பினால் தண்ணீர் பின்னால் ஏறி வயல்களுக்குள் நிற்கும். வட்டுவாகலில் களப்புக்கும் கடலுக்கும் இடையே இருக்கிற மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும், பயிர் தப்பும். ஆனால் களப்பில் வளரும் இறாலும் வெள்ளத்தோடு போய்விடும். ஆகவே எந்த நாள் வெட்டுவது என்று கமக்காரருக்கும் மீன்பிடிக்காரருக்கும் ஒவ்வொரு மாரியும் இழுபறிதான். (அந்த இடத்தைப் பற்றி எங்கள் எல்லோரிடமும் யுத்தகாலத்து வேறு கதைகள் இருக்கின்றன. இங்கே அவற்றை எழுதப்போவதில்லை.)

கூட்டம் வைத்தார்கள். என் கூட்டாளி எழும்பி, "ஒரு கிழமை பொறுங்கோ. இறால் இப்பதான் பெருக்குது. எங்களுக்கு வருசத்திலை இது ஒண்டுதான்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான்.

என் நாலு ஏக்கரும் தாழ்ந்த காணி. பயிர் மூன்று நாளாகத் தண்ணீருக்குள் நின்றது. நான் எழும்பினேன்.

"நெல்லு அழுகினா நீங்களே எங்கடை பிள்ளையளுக்குச் சோறு போடப் போறியள்?"

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தான். அடுத்த நாள் விடிய வெட்டியாயிற்று.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் சுபாவத்துக்கு, வெட்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். இனி அவன் முகத்தில் முழித்துக்கொண்டு என் மீனை அவனிடம் விட்டுவைக்க முடியாது என்று பட்டது. மூன்றாம் நாள் வாடகைக்குப் பிடித்த லான்ட்மாஸ்டர் உழவுயந்திரப் பெட்டியில் பெரிய தண்ணீர்த் தாங்கியை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனேன். அவன் வாடிக்குள் வேலையில்லாமல் கிடந்த வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"மீனைக் கொண்டுபோகப் போறன்."

"கொண்டு போ. உன்ரை மீன்தானே" என்றான். "ஆனா தண்ணியை இப்ப எடுக்காதை மச்சான். முகத்துவாரம் திறந்து கிடக்கு. வயல் தண்ணி முழுக்க இந்தக் கரையாலைதான் போகுது. பத்து நாள் பொறு. கடல் கொந்தளிப்பு இறங்கட்டும், நான் போட்டிலை வெளிக்கடலுக்குப் போய் நல்ல தண்ணி அள்ளிக்கொண்டு வந்து தாறன்."

கூட்டத்தில் தோற்றதற்கு என்னை இழுத்தடிக்கிறான் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க என் மனதில் இடமிருக்கவில்லை.

"இறாலுக்கு ஒரு கிழமை கேட்டாய். தண்ணிக்குப் பத்து நாள் கேக்கிறாய். உனக்கு எல்லாத்துக்கும் நாங்கள் பொறுக்கவேணும், என்ன?"

அவன் வலையை வைத்தான். எழும்பிப் போய்ச் சீமெந்துத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, கடற்சாமந்தியை அது பிடித்திருந்த கல்லோடு தூக்கி வாளியில் வைத்தான். இரண்டு மீனும் தாமாகவே அதன் பின்னால் வந்தன. "கல்லை விட்டு உரிச்சுப்போடாதை" என்று மட்டும் சொன்னான்.

கரைத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒரு மைல் வடக்கே போய், கொஞ்சம் தெளிந்த இடத்தில் பம்ப் வைத்து இறைத்தேன். வீட்டில் அளந்து பார்த்தால் உப்பு குறைவு. அதற்கென்று வைத்திருந்த உப்பைக் கரைத்துச் சரிக்கட்டினேன். துணியால் வடித்தேன், மண்டி அடையவிட்டேன். அடுத்த நாள் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பத்து நாளாம், விசரன் என்று வாய்விட்டே சொன்னேன். அன்று பின்னேரம் மூன்றையும் தொட்டிக்குள் விட்டு விளக்கைப் போட்டதும் கடற்சாமந்தி விரிந்தது. மீன்கள் அதற்குள் புகுந்து புரண்டன. மனைவி தேத்தண்ணியோடு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் வேலை ஒன்றை அவள் புகழ்ந்தது அன்றுதான்.

மூன்றாம் நாள் கடற்சாமந்தி சுருங்கியது. நாலாம் நாள் வெளிறி வெள்ளையாயிற்று. உப்பு, சூடு, அழுக்கு எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அளந்தேன். எல்லாம் சரியாகக் காட்டியது. பாதித் தண்ணீரை மாற்றினேன். அதே தாங்கியில் மிச்சமிருந்த அதே தண்ணீரால்! ஆறாம் நாள் அது சளி போலக் கரைந்து கல்லிலிருந்து கழன்றது. மீன்கள் இரண்டும் அந்த வெறுங்கல்லை விட்டுப் போகவில்லை. எட்டாம் நாள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

நான் பம்பைக் குறை சொன்னேன், சிலிக்கனைக் குறை சொன்னேன். மனைவி குசினிக்குள் இருந்தபடி கேட்டாள்: "வெள்ளத்துக்கு முதல்கிழமைதானே வயலுக்கு மருந்து அடிச்சனீங்கள்? களைக்கு ஒண்டு, பூச்சிக்கு ஒண்டு. அந்தத் தண்ணி எங்கை போனது?"

அடித்தது நான் ஒருவன் மட்டுமில்லை, ஊர் முழுக்கத்தான். ஆனால் கூட்டத்தில் எழும்பிக் கத்தி, அந்தத் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொன்னது என் வாய். பிறகு அதையே காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்து என் மீனுக்கு ஊற்றியதும் நான்தான். அவன் சொல்லியும் கேட்கவில்லை. என்ன பிறவியடா நான் என்று இருந்தது.

சரியாகப் பத்தாம் நாள் மத்தியானம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவன். பின்னால் இரண்டு பெரிய தண்ணீர்க் கான்கள் கட்டியிருந்தான்.

"கடல் இறங்கின உடனை ஓடினனான். நல்ல வெளியிலை போய் அள்ளினது, குடிக்கலாம் போல கிடக்கு" என்று சிரித்தான். "பாதியை மாத்திப்போடு. எப்பிடி இருக்கினம்?"

"நல்லா இருக்கினம்."

"ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்று செருப்பைக் கழற்றினான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப விளக்கு நூத்திருக்கு. நித்திரை."

"பட்டப்பகலிலையோ? உன்னைப் போலச் சோம்பேறியளாப் போச்சினமே!"

மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "அண்ணை, செத்துப்போச்சு. மூண்டும்."

அவன் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தான். நான் அப்போதே சொன்னேனே என்று அவன் கத்துவான் என்று காத்து நின்றேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் குனிந்து செருப்பைப் போட்டான். கான்களை அவிழ்த்துப் படியில் இறக்கி வைத்தான்.

"வயல் தப்பிச்சுதே?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

"அப்ப நல்லது."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறான்.