வில்வண்டியில் போகாத சேர்மன்

போன வாரம் புதுச்சத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். "ஓடிப்போன சேர்மன் ஸ்டாப் எறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. என் நிறுத்தம் இல்லையென்றாலும் இறங்கிவிட்டேன். சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள்.

அந்த வாடை வந்தாலே எனக்கு, பிளீச்சிங் மூட்டைகளையும் அடுக்கியிருந்த நகராட்சியின் பழைய ஆவண அறைதான் நினைவுக்கு வரும். தற்காலிக எழுத்தராகச் சேர்ந்த புதிதில் என்னை அங்கே போட்டார்கள். பழைய கட்டுகளைப் பிரித்து, வேண்டாதவற்றுக்குப் பட்டியல் எழுத வேண்டும். நான் எழுதியதைவிடப் படித்ததுதான் அதிகம். வேலை நிரந்தரமாகாமல் இழுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்படிப் படித்ததில் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தில் பிளேக் வந்தபோது எழுதிய மன்றக் குறிப்பேடு. எலி செத்து விழுந்த வீடுகளில் கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடும்படி சேர்மன் உத்தரவு போட்டிருக்கிறார். முதலில் பிரித்தது அவர் வீட்டு ஓட்டைத்தான். ஜனமெல்லாம் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டது. உறுப்பினர் ஒருவரும் வராத நாட்களிலும் அவர் மட்டும் அலுவலகம் வந்து, 'கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக அதே வரி. ஆளில்லாத அறையில் யாருக்காக ஒத்திவைத்தார் மனுஷன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் குறிப்பேடு இருந்த கட்டின் அடிப்பக்கம் கரையான் அரித்திருந்தது. 'பயனற்றது' என்று எழுதினேன். ஆம், நான்தான் எழுதினேன். வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். ஆபீஸ் காகிதத்தைத் தொடக்கூடாது என்ற பெரிய நேர்மைக்காரன் நான். லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மாள் வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அந்தச் சேர்மனின் மகள். நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பெயரை மாற்றச் சொல்லி மனுவோடு வந்திருந்தார்.

"பிளேக்கு வந்தப்ப எங்கூட்டு வில்வண்டி சேந்தமங்கலம் போனதை ஊரே பாத்துச்சுங்க. திரை போட்டிருந்ததால சேர்மன் ஓடிட்டாருன்னு பேசிப்போட்டாங்க. அதுக்கப்பறம் அவரு ஒரு தேர்தல்லயும் ஜெயிக்கலீங்க. வண்டிக்குள்ள இருந்தது நானும் எங்கம்மாளுமுங்க, சாமி. எங்கய்யன் ஊரைத் தாண்டவே இல்லீங்க. புஸ்தகத்துல கையெழுத்து இருக்குமுங்களே?"

"இருந்துச்சுங்க. நான் படிச்சேனுங்க. தெனமும் வந்திருக்காருங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கவே கூடாது.

"அப்ப எடுங்க சாமி."

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் பார்த்தேன் என்று எழுதித் தருகிறேன் என மேலாளரிடம் மன்றாடினேன். "பேப்பரே இல்லாம எதை வெச்சுப்பா பேரை மாத்தறது?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

கிளம்பும்போது அம்மாள் கேட்டார். "எங்கய்யன் கையெழுத்து எப்பிடியிருந்துச்சுங்க?"

மனுவின் பின்பக்கத்தில் நினைவிலிருந்து போட்டுக் காட்டினேன். வாங்கி மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்த அம்மாள் இல்லை. வீடிருந்த இடத்தில் செல்போன் கடைகள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். பலகையின் கீழே நின்று, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அதைப் போட்டுப் பார்த்தேன். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை.