மேல் வரிசைப் பல்

என் வீட்டுக்காரருக்கு மேல் வரிசையில் நான்கு பற்கள் ஆடிக்கொண்டிருந்தன, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. ஆட்டெலும்பைக் கையில் எடுப்பார், கடிக்கப் பார்ப்பார், முடியாமல் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் கவனிக்காத மாதிரி ரசத்தை ஊற்றுவேன். காலையில் வாய் கொப்பளித்தால் ரத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வாடை அடிக்கும். இதையெல்லாம் எழுதினால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும், கட்டிக்கொண்டவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நாங்கள் இருப்பது லூனாஸில். நான் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே பஸ் ஏறுகிறவள் நான் ஒருத்திதான். மற்ற பெண்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

எங்கள் கம்பெனி ஆளுக்கு ஒரு பல் கார்டு கொடுக்கிறது. பல் சுத்தம் செய்யலாம், ஓட்டை அடைக்கலாம், பிடுங்கலாம். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்துத்தான் அந்தக் காப்பீடு. அந்த வருஷத்துக்கு உள்ளதை அந்த வருஷமே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் போச்சு. ஆனால் நம் ஆட்கள் அதை என்ன செய்கிறார்கள்? கார்டு கைக்கு வந்த அன்றே கடைக்குப் போய் லேமினேட் போட்டு, வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். விபூதி படிந்து அது அங்கேயே கிடக்கும். ஆத்திர அவசரத்துக்கு உதவுமாம்.

ஒரு நாள் பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டேன். "அக்கா, போன வருஷக் கார்ட எடுத்தீங்களா?"

"இல்லம்மா. பத்திரமா வச்சிருக்கேன்."

"பத்திரமா வச்சா குட்டியா போடும்? டிசம்பரோட செத்துப் போச்சிக்கா அது."

"அதுக்காக நல்லா இருக்கற பல்ல போயி காட்டச் சொல்றியா? வலிச்சா பாத்துக்கலாம் லா."

வலித்தால் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் மெல்லுவது, அந்தப் பக்கமும் வலித்தால் கிராம்பை வைத்துக் கடிப்பது, அதற்கும் அடங்காவிட்டால் பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்துவிடுவது. எங்களுக்குத் தெரிந்த பல் வைத்தியம் இவ்வளவுதான். காய்ச்சல் என்றால் ஓடுகிறோம், கால் சுளுக்கினால் ஓடுகிறோம், வாய்க்குள் சீழ் பிடித்தால் மட்டும் அது வியாதிக் கணக்கிலேயே வராது. இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க யோசிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம். அதை வெறும் பயம் என்று ஒதுக்கவும் முடியாது, அவர் வீட்டிலேயே நடந்த கதை அது. கோலா கெத்தில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் என் மாமியாருக்கு மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். அந்த வருஷம் முடிவதற்குள் மாமியாருக்குப் பார்வை மங்கிப் போய், பால் வெட்டு வேலையை விட்டுவிட்டார். அவருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்ததா என்று அன்றைக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? பல் போனது, கண் போனது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, என் நாத்தனார் அந்தக் கதையை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் மாதிரி வளர்த்தவர், அதனால் அவர் சொல்லுக்குத் தம்பி மறுசொல் பேச மாட்டார்.

என் வீட்டுக்காரருக்கும் இனிப்பு நீர் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார், கோப்பிக்குச் சீனி போடுவதில்லை, சோற்றைக் குறைத்துவிட்டார். அப்படியும் கிளினிக்கில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சீனி அளவு ஏறித்தான் இருக்கும். திருட்டுத்தனமாக எங்கேயோ பலகாரம் தின்கிறார் என்று நான் சண்டை போடுவேன். அப்படியிருக்க, ஒரு தடவை புதிதாக வந்திருந்த டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் வாயை யாரும் திறக்கச் சொன்னதே இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு மலாயில் பொறுமையாகச் சொன்னார். ஈறெல்லாம் கெட்டுப்போயிருக்கிறது, இந்தக் கிருமி வாயில் இருக்கும்வரை சீனி இறங்குவது கஷ்டம், சீனி இறங்காவிட்டால் சிறுநீரகம், கால், கண் எல்லாவற்றையும் அது ஒரு கை பார்த்துவிடும். முதலில் போய்ப் பல்லைக் கவனியுங்கள் என்றார். கண் என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே நான் முடிவு கட்டிவிட்டேன். இந்த மனுஷனைப் பல் நாற்காலியில் உட்கார வைக்காமல் விடுவதில்லை.

முதலில் கவர்மென்ட் பல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் எடுத்துக் கொடுத்தேன். "பசியாறிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனவர் போனவர்தான். நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து நம்பரைக் கூப்பிடுகிறாள், மறுபடியும் கூப்பிடுகிறாள். நான் எழுந்து போய், நோயாளி ஓடிப்போய்விட்டார் என்று மலாயில் சொன்னேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வெளியே வந்து பார்த்தால் எதிர்க் கடையில் ரொட்டி சானாயைப் பருப்பில் ஊற வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, வெக்கமா இல்ல?"

"பல்லு ஒன்னும் வலிக்கல லா. நீதான் பெரிசு பண்ற."

வீட்டுக்கு வந்து சாமி மேடையிலிருந்து எங்கள் கார்டை எடுத்தேன். ஆமாம், ஊருக்கு உபதேசம் செய்த என் வீட்டிலும் அது அங்கேதான் இருந்தது, முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். கார்டில் இருந்த தனியார் கிளினிக்குக்குப் போன் போட்டு, எனக்கு லீவு உள்ள நாளாகப் பார்த்து நேரம் வாங்கினேன். போகும்வரை அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்து வைப்பேன், தட்டைப் போடுவேன், பேச மாட்டேன். அவருக்கு வீட்டில் பேச்சு இல்லாவிட்டால் சோறு இறங்காது. கடைசியில், "சரி, வந்து தொலைக்கிறேன். சுத்தம் மட்டுந்தான். பிடுங்கச் சொன்னா எந்திரிச்சி வந்துருவேன்" என்றார்.

பல் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், வயது குறைவு. என்ன பயம் என்று அவரிடமே கேட்டாள். இவரும் மறைக்காமல் தன் அம்மா கதையைச் சொன்னார். அவள் சிரித்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும், நல்ல வேளை, சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினாள். பல் வேர் இங்கே முடிகிறது அங்கிள், கண் இருப்பது அதற்கு எவ்வளவோ மேலே, பார்வைக்குப் போகிற நரம்பு வேறு வழி. உங்கள் அம்மாவுக்குக் கண்ணைக் கெடுத்தது சீனியாக இருக்கலாம் என்றாள். அவர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இடது பக்கம் வேணும்னா பிடுங்கிக்கட்டும். வலது பக்கம் தொடக் கூடாதுன்னு சொல்லு" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

ஏன் இடது, ஏன் வலது என்று நான் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டாரே, அதுவே போதும் என்று இருந்தது.

ஈறைச் சுத்தம் செய்தார்கள், மருந்து கொடுத்தார்கள். எடுத்ததும் பிடுங்கவில்லை. சீனி கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு இடது பக்கத்து இரண்டையும் எடுத்தார்கள். எல்லாம் கார்டிலேயே போயிற்று, கையை விட்டு ஒன்றும் போகவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவர், சாலை ஓரம் நின்று போகிற வருகிற காடிகளின் நம்பரையெல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். பார்வை இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நாத்தனாருக்குச் செய்தி போய்விட்டது. போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எந்தம்பி கண்ண அவிச்சிட்டுத்தான் அடங்குவியா?"

"அண்ணி, கண்ணக் காப்பாத்தத்தான் இந்தப் பாடு படுறேன்."

"எங்கம்மாவப் பாத்தவ நானு. நீ பாத்தியா?"

போனை வைத்துவிட்டு அழுதேன், அழுதுவிட்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை உறுதி செய்தேன்.

மாதங்கள் போகப் போக வாய் வாடை போயிற்று. ரத்தம் நின்றது. கிளினிக்கில் சீனி அளவைப் பார்த்த மிஸ்ஸி, என்ன சாப்பாட்டை மாற்றினீர்கள் என்று கேட்டாள். சாப்பாடு அதேதான், மாத்திரையும் அதேதான், வாய்தான் வேறு என்றேன். வீட்டில் அவர் இரண்டாம் முறை சோறு கேட்கிற நாளும் வந்தது. அப்போதும் கேட்ட அளவு போடவில்லை, அது வேறு விஷயம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கண்ணையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி எங்களை அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பல் பிடுங்கிய அதே வருஷத்தில் கண்ணில் ஏதாவது இருந்துவிட்டால் நாத்தனார் என்னைச் சும்மா விடுவாரா? அதைவிட, இவர் மறுபடியும் ஒரு டாக்டர் வாசலை மிதிப்பாரா?

நான் பயந்தபடியே ஆயிற்று. இடது கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாயெல்லாம் கசிந்து பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் கண் டாக்டர். வலது கண்ணிலும் ஆரம்பம் தெரிகிறது, லேசர் வைத்து நிறுத்தலாம், சீனியை இப்படியே கட்டுக்குள் வைத்திருந்தால் அது நிலைக்கும். பஸ் ஓட்டும் வேலை மட்டும் இனி வேண்டாம் என்றார். ரயிலில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்குள் ஒரே கேள்விதான். ஒருவேளை நாத்தனார் சொன்னது சரியோ? இடது பக்கப் பல்தானே எடுத்தோம், இடது கண்தானே போயிருக்கிறது? எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்த்தவள், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள், எனக்கே அந்தப் பயம் வந்துவிட்டது.

கண் சேதி காதுக்கு எட்டி, ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பஸ் பிடித்து லூனாஸுக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"தலபாடா அடிச்சிக்கிட்டேன். மேல் பல்லுல கைய வைக்காத, வைக்காதன்னு. இப்ப என்னாச்சி? எந்தம்பிய குருடனாக்கிட்டியே."

நான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அக்கா, அவள ஒன்னும் சொல்லாத" என்றார். "பல்லு எடுத்தது இந்த வருஷந்தான். கண்ணு போயி ரெண்டு வருஷம் ஆச்சி."

நாத்தனார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை.

"மொதல்ல பனி மூடுன மாதிரி இருந்திச்சி. அப்பறம் ஒன்னும் தெரியல. சொன்னா லைசென் போயிரும், வேல போயிரும். மெடிக்கலுக்குப் போறப்பல்லாம் அந்த எழுத்துப் பலகைய வலது கண்ணால மனப்பாடம் பண்ணிக்கிட்டு, இடது கண்ணால படிக்கிற மாதிரி ஒப்பிச்சிட்டு வந்தேன். இருக்கற ஒத்தக் கண்ணும் போயிருமோன்னுதான் வலது பக்கத்து பல்ல தொட விடல. நீ சொன்ன கதைதான் அக்கா மனசுல இருந்திச்சி. ரெண்டு வருஷம் முந்தியே போயி வாயத் தெறந்து காட்டிருந்தா, கண்ணும் இருந்திருக்கும்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு வருஷமாக அந்த பஸ்ஸில் போனவள் நான். என்னோடு மற்ற பெண்களும்தான். பிள்ளைத்தாய்ச்சிகூட ஒருத்தி இருந்தாள்.

"எங்க எல்லாரையும் வச்சிக்கிட்டு ஒத்தக் கண்ணால ஓட்டுனீங்களா?" என்றேன்.

"ஆமா" என்றார். "ஒவ்வொரு நாளும் உங்கள எறக்கி விட்டுட்டு, ஸ்டியரிங்ல தலைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். ஒரு கண்ணுக்காகவா, இரண்டு வருஷம் அவர் தனியாகச் சுமந்த பயத்துக்காகவா, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற ஆத்திரத்துக்காகவா, எனக்கே தெரியவில்லை. உள்ளே நாத்தனார் அழுகிற சத்தமும் கேட்டது.

திங்கட்கிழமை அவரே போய் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் நான் அவரைக் கேட்காமலே போன் போட்டு, அன்று சாயங்காலம் வலது பக்கத்து இரண்டு பல்லுக்கும் நேரம் வாங்கியிருந்தேன். தள்ளிப் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம். போயி எடுத்துருவோம்" என்றார்.

கிளினிக்குக்கு எதிரே சாலையைக் கடக்க வேண்டும். இடது பக்கம் வந்த மோட்டார் சைக்கிளை அவர் கவனிக்காமல் காலை எடுத்து வைத்தார். பிடித்து இழுத்தேன். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறார், நான் வலது பக்கமாகவே நடந்து வந்திருக்கிறேன். சுற்றிப் போய் அவருக்கு இடது பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நாங்கள் கைபிடித்து நடந்ததில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.