சுரண்டிப் போட்ட பச்சை

எனாமல் பெயிண்டில் டர்பன்டைன் ஊற்றிக் குச்சியால் கலக்கும்போது எழும் வாடை மூக்கோடு நிற்காது, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு சோறு தின்றாலும் அதே ருசி, தண்ணீர் குடித்தாலும் அதே ருசி. பத்து வயதில் ஒரு கோடை முழுவதும் நான் அந்த ருசியோடுதான் இருந்தேன். திருச்செங்கோடு போகும் ரோட்டில், புளியமரங்களுக்கு அடியில் இருந்த ஒரு "பாடி பட்டறை"யில், என் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வாங்கிய லாரிக்கு அப்போது பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து லாரி இப்போது போல முகமும் கதவுமாக வந்து நிற்காது. எஞ்சின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், அவ்வளவுதான். தோலுரித்துத் தொங்கவிட்ட ஆடு மாதிரி இருக்கும். அதற்கு "சேஸ்" என்று பேர். ஓட்டி வருகிறவர் ஒரு பலகையின்மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வழியெல்லாம் புழுதி குடித்துக்கொண்டு வருவார். மற்றதெல்லாம் இங்கே நாம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது. எந்த மரம், எந்த ஹாரன், முகப்பில் என்ன சாமி, என்ன நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் பேசுவார்கள்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டிருந்ததால் பட்டறையில் இருக்கும் அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டு போவது என் வேலையாயிற்று. போனால் பொழுது சாயும்வரை வரமாட்டேன். வேங்கைப் பலகை இழைப்பதையும், ஆணிக்குப் பதில் மறையாணியைத் திருகி முடுக்குவதையும், ஆறுமுகம் பெயிண்டர் ஒரு பலகைத் துண்டில் வரிசையாக நிறங்களைத் தீற்றிக் காயவைப்பதையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். நிறம் முடிவு பண்ண வேண்டிய நாளில் பெரியப்பா பர்மிட் விஷயமாகச் சேலம் போயிருந்தார். பெயிண்டர் கேட்டதற்கு அப்பா, "அம்மிணி சொல்லட்டும். அதுதான் தெனமும் இங்கயே கெடக்குது" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கடலைக்காடு பூவெடுத்து நிற்கும்போது இருக்குமே, அந்த இளம்பச்சையும், அதற்குள் பொட்டுப் பொட்டாகத் தெரியும் மஞ்சளும்; அதைத்தான் கை காட்டினேன். ஆறுமுகம் பெயிண்டர் மூன்று தடவை கலக்கியும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது தடவை வந்தது. பக்கப் பலகையெல்லாம் பச்சை, விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. அதுவரை எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு லாரியை யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்த அன்றைக்குப் பெரியப்பா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நிறம் யார் சொன்னது என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். பெரியப்பா சிரிக்கவில்லை.

"பொட்டப்புள்ள கை காட்டுன நெறத்துல எம்பட வண்டி ரோடேறாது. சொரண்டுங்கடா."

ஆசாரிகள் கை வைக்கத் தயங்கினார்கள். அவருடைய மகன் பழனிச்சாமி தயங்கவில்லை. பட்டி பார்க்கும் தகட்டை எடுத்தவன் மேலிருந்து கீழே இழுத்தான். முழுசாகக் காயாத பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, அத்தனை பேர் பார்க்க, என் பாவாடை மடியில் கொட்டினான்.

"இந்தாம்மிணி, உம்பட லாரி. ஊட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ."

பட்டறையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது "உடு சாமி" என்று மட்டும் சொன்னார். அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். வண்டி செங்காவி நிறத்தில் ரோட்டில் ஏறியது. அதில் அப்பாவுக்குப் பாதி உரிமை இருந்ததை ஒரு வருசத்தில் பெரியப்பாவும் மறந்தார், ஊரும் மறந்தது. அன்றைக்கே அது தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு நிறத்தைக் காப்பாற்ற முடியாதவருக்குச் சக்கரம் எப்படி நிற்கும்?

அப்பா சொன்னபடி நான் விடவில்லை. பெரியப்பா வீட்டோடு போக்குவரத்து நின்றது. எனக்குக் கல்யாணமாகி, பின்னாளில் என் பேரிலேயே லாரிகள் ஓடின. நீலம், சிவப்பு, வெள்ளை என்று எல்லா நிறத்திலும் ஓடின. அந்தப் பச்சையை மட்டும் நான் எந்த வண்டிக்கும் கொடுக்கவில்லை. பழனிச்சாமி கண்ணில் தினமும் படுகிற மாதிரி ஒரு பொருள் வாய்க்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அது ஒரு கம்ப்யூட்டராக வரும் என்று நினைக்கவில்லை. என் மருமகள் செல்வி மல்லசமுத்திரத்தில் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் கடை வைத்திருக்கிறாள். பெரிய பெரிய படங்களை ஏற்றியதும் பழைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. புதிதாக ஒன்றை, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டித் தரும் கடை சேலத்தில் இருக்கிறதென்று என்னையும் கூட்டிப் போனாள். பாகம் பாகமாக என்றதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பிராசஸர் என்ற சின்ன வில்லையை "அதுதான் எஞ்சினுங்கத்தே" என்றாள் செல்வி. எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு "சேஸ்" என்று நானே சொல்லிக்கொண்டேன். படம் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கனத்த பாகம், சூடு தணிக்க ஆறு விசிறி, எல்லாவற்றையும் உள்ளே அடக்க, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினெட். எது வேகம், எது நீடித்து உழைக்கும் என்று அவர்கள் இருவரும் பேசி முடித்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. கடைசியில் செல்வி என் பக்கம் திரும்பி, "நெறத்தை மட்டும் நீங்க சொல்லுங்கத்தே" என்றாள்.

அறுபது வருசத்துக்கு மேலாகிவிட்டது, என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு.

கேபினெட் கறுப்பிலும் வெள்ளையிலும்தான் வரும், நிறமெல்லாம் விசிறி விளக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் கைப்பேசியில் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். விளக்குப் பச்சை மருந்துக்கடை போர்டு மாதிரி கண்ணைக் குத்தியது. எனக்குப் பெயிண்ட்தான் வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உள்ளே போகும் ஒயர்களுக்கு மஞ்சள் உறை, விளக்குகளுக்கு மஞ்சள் என்று சொல்லிவிட்டு, வெறும் கேபினெட்டைக் காரில் போட்டுக்கொண்டு நேராக நாமக்கல்லுக்குப் போய், எங்கள் லாரிக்கு அடிக்கும் பட்டறையில் இறக்கினேன்.

நிறம் இரண்டாம் தடவையிலேயே வந்துவிட்டது. ஆனால் பெயிண்டர் லாரிக்கு அடிக்கிற கனத்தில் அடித்ததால், காற்றுப் போகும் சல்லடைக் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டது. கடைக்காரப் பெண் திட்டிக்கொண்டே ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தாள். அது போதாதென்று பெயிண்டர் பின்பக்கத்தில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "பின்னாடி வெத்தா உட்டா கை கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக் கண்ணாடிக் கதவைப் பார்த்து அதை வைத்தோம். பழனிச்சாமி தினமும் காலையில் டீ குடிக்க அந்த வழியாகத்தான் போவார். போனார், வந்தார், மாதக்கணக்கில். ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தது அவருடைய பேத்தி யாழினி. கல்லூரி விண்ணப்பத்துக்குத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண், தனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சேலம் கடைக்கே போய்விட்டாள். பெயிண்ட் எங்களுடையதல்ல, மல்லசமுத்திரத்து அம்மாவைக் கேளுங்கள் என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் பழனிச்சாமி ஊன்றுகோலோடு படியேறி வந்தார்.

"வாங்கண்ணா" என்றேன். செல்வி டீ கொடுத்தாள்.

"என்ர பேத்தி முரண்டு பண்ணுது அம்மிணி" என்றார். கண்ணாடிக்குள் விசிறிகள் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நெறம் அம்சமாத்தான் இருக்குது. ஆரு சொன்னது?"

"ஒரு பொட்டப்புள்ள கை காட்டுனதுங்கண்ணா."

டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பிறகு கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு அப்பப் பதிமூணு வயசு. அப்பன் சொன்னாரு" என்றார்.

"எனக்குப் பத்துங்கண்ணா."

முடியாது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அதற்காகத்தானே அத்தனை வருசம் காத்திருந்தேன். ஆனால் கேட்டது அவரல்ல, அந்தப் பெண். ஒரு பெண்பிள்ளை ஆசைப்பட்ட நிறத்தைத் தடுத்தால் நானும் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தது போலாகிவிடும். அந்த மரியாதையைப் பெரியப்பாவுக்குத் தர எனக்கு இஷ்டமில்லை. அதனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"புள்ளையப் பட்டறைக்குக் கூட்டியாங்க. எந்த நெறம், எங்க கோடுன்னு அதுவே கை காட்டட்டும். பெயிண்டு காயற வரைக்கும் நீங்க பக்கத்துல நின்னு பாக்கோணும். அவ்வளவுதான்."

"செரி" என்றார்.

சென்ற மாதம் அது நடந்தது. போகும் வழியில் பார்த்தேன், புளியமரங்கள் ரோடு அகலமானபோதே போய்விட்டன, பழைய பட்டறை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். ஆறுமுகம் பெயிண்டர் இல்லை, அப்பா இல்லை, பெரியப்பா இல்லை, செங்காவி லாரி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. நான் கோபப்படுவதற்கு மீதியிருந்தவர் இவர் ஒருவர்தான்.

யாழினி பச்சையைக் காட்டினாள். கோட்டுக்கு மஞ்சளை விட்டுவிட்டு ஆரஞ்சைக் காட்டினாள். பழனிச்சாமி என் முகத்தைப் பார்த்தார். புள்ளை சொன்னபடி அடியுங்கள் என்று பெயிண்டரிடம் சொன்னேன்.

வெயில் ஏறியிருந்தது. பட்டறைக்காரர் இரண்டு நாற்காலி கொண்டு வந்து போட்டார். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.