தாம்பூலப் பையில் மிதந்த மணமக்கள்

எங்கள் தெருவை ஒட்டிய குளத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளைப் படித்துக் கண் கலங்காதவர்கள் இந்தத் தெருவில் குறைவு. கண்ணைத் துடைத்த கையோடு குப்பையைக் கொண்டுபோய் அதே குளத்தில் போட்டார்கள். செம்பட்டியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, நீர்நிலைகளைக் காக்கும் எழுத்தாளர் என்று பொன்னாடை வேறு போர்த்தினார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் குளத்து ஊற்றுதான் என் வீட்டுக் கிணறு. திண்டுக்கல் கோடையில் வற்றாத கிணறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? போன வருடம் அது நாற ஆரம்பித்தது. குடிக்கக் கேன் வாங்கினோம். பிறகு குளிக்கவும் பயந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஒருநாள் காலை குளத்தின் கரையோரம் ஒரு தாம்பூலப் பை மிதந்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில் தேங்காய் போட்டு எல்லோருக்கும் கொடுத்த பை. மணமக்கள் பெயர் பெரிய எழுத்தில், மாப்பிள்ளையின் பி.இ. பட்டத்தோடு இருந்தது. படம் எடுத்து, தெருவின் வாட்ஸப் குழுவில் ஒரு குட்டிக் கதை போட்டேன்: "போன மாதம் நாம் அட்சதை தூவிய மணமக்கள் இன்று நம் குளத்தில் நீராடினார்கள். மாப்பிள்ளையின் பட்டம் இன்னும் அழியவில்லை. சீதனமாகக் கோழி எலும்பும் டயப்பரும் வந்திருக்கின்றன."

காப்பி ஆறுவதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், நல்லது நடந்த வீட்டை இப்புடியா எழுதுவீங்க? பை அம்புட்டுப் பேருக்கும் குடுத்தது. எவன் போட்டான்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரியலைன்னா கேளுங்க."

கேட்டார். வீடு வீடாகப் போய், "எம்மக பேருல குப்பை போட்டவன் எவன்டா?" என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து விடிகாலையில் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பயலும் குப்பையோடு வரவில்லை. என் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு தகப்பனின் மானம் செய்தது. ஆனாலும் என் கதையால்தானே என்று நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அவர் உட்காராத நேரம் பார்த்து மறுபடி பைகள் வந்தன. எதிலும் எழுத்து இல்லை. குச்சியால் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே கல்யாணத்துத் தாம்பூலப் பைகள்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, அதற்குள் குப்பையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். என் வாசகர்கள் கதையைக் கவனமாகத்தான் படித்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"பேரு தெரியலைல்ல டீச்சர்? அது போதும்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே கொட்டினேன். மறுநாள் காலை கையுறை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். ஒவ்வொரு பையாக இழுத்து, குப்பையைச் சாக்கில் கொட்டி, சரியாகத் திருப்பி, பெயர் தெரியும்படி வேலியில் வரிசையாக மாட்டினேன். தினமும் மாட்டுகிறேன்.

எதிர்வீட்டுக்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் நாற்காலி மறுபடி கரைக்கு வந்துவிட்டது.