வெற்றுச் சில்லுகள்

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. எங்கள் வட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓவியர்கள், வெல்டர்கள், கண்ணாடி வெட்டுகிறவர்கள், களிமண் சுடுகிற நான், எல்லாருக்கும் அவள் ‘கமிஷன்’தான். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். “இந்தக் கமிஷன் இல்லன்னா நீங்கல்லாம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?” என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

புதிதாக அலுவலகம் கட்டுகிறவர்களுக்கு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி ஏதாவது ஒன்று வேண்டும். வெறுஞ்சுவராக விட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்களுக்குச் செய்யத் தெரியும், அவர்களோடு பேசத் தெரியாது. நான் பேசப் போனால் இரண்டாவது நிமிடம் சண்டையில் முடியும். நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்வதுதான் அவள் தொழில்.

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் முதலாளியைப் பார்க்க மாட்டாள். வரவேற்புக் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வாட்ச்மேனோடு டீ குடித்து அந்த இடத்தின் பாதி வண்டவாளத்தைக் கறந்துவிடுவாள். ஒரு முதலாளி, படத்தின் நிறம் சோபாவோடு ஒத்துப்போகவில்லை என்று மூக்கைச் சுளித்தார். “சோபாவ மாத்திடுங்க சார், அது எப்படியும் சீக்கிரம் கிழிஞ்சிடும்” என்றாள். அவர் சிரித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் ஓர் உள் அலங்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட். தம்பி அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், தம்பி தலையெடுக்கட்டும் என்றாள். அவன் தலையெடுத்தபோது கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் புலம்பியதில்லை. அவனுக்குப் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்துக் கொடுத்தாள். தினமும் வேலை முடிந்து அங்கே போய், அவன் மகளின் வீட்டுப்பாடத்தில் தப்புக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கே போவாள். தம்பி பக்கத்தில் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த சந்தோஷம். வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அவள் பிடித்த வேலைகளிலேயே பெரியது அந்தக் கணக்கு எழுதும் நிறுவனத்துக்குச் செய்தது. ஒரே பெரிய கூடத்தில் அத்தனை பேரும் வரிசை வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் இடம். “நாங்க எல்லாரும் ஒரே குடும்பம். உள்ள வர்றவங்களுக்கு அது தெரியணும்” என்றார் நிறுவனத் தலைவர். இப்படிச் சொல்கிற முதலாளிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவளோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து ஒரு யோசனை சொன்னாள்.

உள்ளங்கை அகலத்தில் களிமண் சில்லுகள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு ஊழியரும் தன் பெருவிரலை அதில் பதிக்க வேண்டும். நான் அதைச் சுட்டு, நீலம் பூசி, மறுபடி சுட்டுக் கொடுப்பேன். வாசலுக்கு மேலே உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம், அதிலிருந்து மெல்லிய கம்பிகளில் சில்லுகள் தொங்கும். உள்ளே யார் எந்த வரிசையில் உட்கார்கிறாரோ மேலே அதே வரிசையில் அவருடைய சில்லு. கதவு திறந்து காற்று வரும்போது எல்லாம் சேர்ந்து அசையும். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. தினமும் உள்ளே வருகிறவர்கள் ஒரு தரம் அண்ணாந்து தங்கள் சில்லைப் பார்த்துவிட்டுத்தான் இருக்கைக்குப் போவார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்தது.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே அங்கிருந்த ஹெச்.ஆர். அதிகாரியிடம் சொல்லித் தம்பியையும் அங்கே சேர்த்துவிட்டாள். அவன் விரல் பதித்த சில்லை வேறு யாரையும் தொட விடாமல் அவளே ஏறிக் கட்டினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை போய்த் தூசி தட்டுவோம். வேலையை விட்டுப் போனவர்களின் சில்லைக் கழற்றுவோம், புதிதாக வந்தவர்களுடையதைச் சேர்ப்போம். சட்டம் தராசு மாதிரி. ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் சாய்ந்துவிடும். அதனால் கழற்றிய இடத்தில் அதே எடையில், விரல் பதியாத வெற்றுச் சில்லு ஒன்றைத் தொங்கவிட வேண்டும்.

ஒரு வருஷம் அவள் என் சூளைக்கு வந்து, வெற்றுச் சில்லு மட்டும் கூடை கூடையாக வேண்டும் என்றாள்.

“இவ்வளவு எதுக்கு? புதுசா ஆள் எடுக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“சுடுங்கண்ணா. கேள்வி கேக்காதீங்க.”

அவள் முகம் சரியில்லை. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செய்தி வெளியே வருவதற்கு முன்பே வெற்றுச் சில்லு தயாராக வேண்டுமே, அதனால் அவளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பெயர்களைக் கொடுக்கவில்லை. இருக்கைகளின் வரைபடத்தில் போகப்போகிறவர்களின் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார் அந்த ஹெச்.ஆர். அதிகாரி. அவள் எப்போதும் செய்வதுபோல வாசலில் நின்று, தாளைத் தலைக்கு மேலே பிடித்து, அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள். ஜன்னலோர வரிசையில் ஒரு சிவப்பு வட்டம் தம்பியின் சில்லுக்கு நேராக நின்றது.

அந்த வாரமே தம்பி அவளைத் தேடிக்கொண்டு சூளைக்கு வந்தான். வேறு ஊரிலிருந்து ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளிர்பதனக் கிடங்கில் சரக்குக் கணக்கு. எப்போதோ விளையாட்டாக விண்ணப்பம் போட்டது. அவனுக்குப் போக மனசே இல்லை. மனைவிக்கு இங்கே பள்ளியில் வேலை, மகளுக்கு இங்கே படிப்பு. அக்கா ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தான்.

“வேண்டாம்னு எழுதிப் போட்டுடவாக்கா?”

“போயிடு” என்றாள்.

அவன் சிரித்தான். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

“நெசமாத்தான் சொல்றேன். நாளைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு.”

“ஏன்க்கா? அவங்க ரெண்டு பேரும் இங்க இருப்பாங்க, நான் மட்டும் அங்க தனியா…”

“சொன்னா கேளுடா.”

“காரணம் சொல்லு, கேக்கறேன்.”

அவள் காயவைத்திருந்த சில்லுகளை எண்ண ஆரம்பித்தாள். நான் களிமண்ணைப் பிசைவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். “நான் பக்கத்துல இருக்கறது உனக்குப் பாரமா இருந்தா, அத நேராவே சொல்லியிருக்கலாம்” என்றான். அந்த மாதமே அவன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். புறப்படும்போது அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

சில்லு கழற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது வைத்துக்கொண்டோம். சக்கரம் வைத்த உயர மேடையில் நானும் அவளும் ஏறினோம். மேல் நடைபாதையில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி அதிகாரி நின்றிருந்தார். அவள் தாளைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்து, வட்டம் போட்டிருந்த முதல் இடத்தில் கை வைத்தாள்.

“அது இல்ல மேடம். எதிர்ப்பக்கம்” என்றார் அவர்.

“படத்துல இந்தப் பக்கம்தானே சார் இருக்கு.”

“நீங்க கீழ இருந்து பாக்கறீங்க. அது மேல இருந்து பாக்கற மாதிரி வரைஞ்ச படம். இங்க என் பக்கத்துல வந்து பாருங்க, சரியா வரும்.”

எங்கள் தொழிலில் எதையும் கீழிருந்து பார்த்துத்தான் மாட்டுவோம். எங்கள் படங்கள் எல்லாம் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்க்கிறவன் வரைந்த மாதிரி இருக்கும். அலுவலகத்துக்காரன் வரைவது கூரையிலிருந்து தரையைப் பார்க்கிற படம். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் இடது வலதாகிவிடும். இத்தனை வருஷம் படம் பார்த்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. தம்பியின் இடத்தில் சிவப்பைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அவள் தாளைக் கீழே இறக்கித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலோர வரிசையில் ஒரு வட்டம்கூட இல்லை. எல்லாம் எதிர்ச் சுவர் பக்கம் இருந்தன. மேடையின் கம்பியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, தலை சுற்றுகிறதோ என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்தேன். “அண்ணா, நான் அவன அனுப்பிட்டேன்” என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் என் ஆத்திரமே. “உங்க தம்பியோடதையும் எடுத்துடுங்க மேடம். அவர் போனதுல எங்களுக்கு வருத்தம்தான். இதெல்லாம் முடிஞ்சதும் அந்த வரிசைக்கு அவரையே பொறுப்பா போடறதா இருந்தோம்” என்றார்.

அவள் தலையாட்டினாள். ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைசியாகத் தம்பியின் சில்லைக் கழற்றியபோது மாட்டுவதற்கு வெற்றுச் சில்லு ஒன்று குறைந்தது. வட்டங்களின் கணக்குக்குத்தான் சுட்டிருந்தேன். அந்தக் கம்பி மட்டும் வெறுமனே தொங்கியது. சட்டம் ஒரு விரல்கடை சாய்ந்தது. கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று அதிகாரி சொன்னார்.

மறுநாள் காலை உள்ளே வந்தவர்கள் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்கள். கடிதம் மதியம் கொடுப்பதாக இருந்தது. அதற்குள் பாதிப் பேருக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் தன் வெற்றுச் சில்லுக்குக் கீழே பையோடு அப்படியே நின்றுவிட்டாராம். யாராவது இதை யோசித்தார்களா? அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குடும்பம் என்று சொன்ன தலைவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அங்கே வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன் மூலம் செய்தி தம்பிக்குப் போனது. அன்றைக்கே அக்காவுக்கு போன் செய்தான். அவள் என் பக்கத்தில் இருந்தாள். அவன் அழுவது எனக்கே கேட்டது. “உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. சொல்ல முடியாம தவிச்சிருக்க. நான்தான் உன்ன என்னென்னமோ பேசிட்டேன்க்கா” என்றான். அவள் “சரிடா, சரிடா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, இன்றைக்கு வேண்டாம், நேரில் வரும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

பல மாதம் கழித்து விடுப்பில் வந்தான். அவள் வீட்டில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தாள். தனியாகச் சொல்லத் தைரியமில்லை, கூட இருங்கள் என்றாள். தம்பி பாதியாக இளைத்திருந்தான். நாளெல்லாம் குளிர்க் கிடங்கில் நின்று விரல் நுனிகள் மரத்துப்போய், ஒரு கவளத்தை எடுக்கவே தடுமாறினான். அறையில் நாலு பேரோடு படுக்கிறானாம். மகள் போனில் பேச வரமாட்டேன் என்கிறாளாம். வேலையில் மேற்பார்வை பார்க்கிறவன் வாய்க்கு வந்தபடி பேசுகிறானாம். இதையெல்லாம் ஏதோ வேடிக்கைக் கதைபோலச் சொல்லிக்கொண்டு வந்தான்.

“திரும்பி வந்துடேன்டா” என்றாள் அவள்.

“வந்து? பழைய ஆபீஸ்லயே இருந்தவங்க கதி என்ன ஆச்சு? ராத்திரி தூக்கம் வராதப்ப அததான்க்கா நெனச்சுக்குவேன். அங்க இருந்திருந்தா தெருவுலதான் நின்னிருக்கணும், அக்கா காப்பாத்திட்டான்னு நெனச்சுக்குவேன். அந்த ஒண்ணுதான் என்ன அந்தக் கிடங்குல நிக்க வைக்குது.”

அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

“கழட்டுனப்ப நீங்களும் கூட இருந்தீங்களே அண்ணா. என்னோடதும் அவங்க குறிச்சுக் குடுத்ததுல இருந்துச்சுல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று அந்தப் பார்வையில் எனக்குப் புரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

“இருந்துச்சு தம்பி” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அவள் எழுந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். போதும் போதும் என்று அவன் கையால் மறைத்தான். வைத்துக்கொண்டே இருந்தாள்.